ஆணியில் தொங்கும் டோக்கன்

நீங்க ப்ளேன் ஏறப் போறீங்கன்னு கண்டக்டர்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சுங்க. அதனாலதான் பின்னாடி அத்தனை சீட்டு காலியாக் கெடந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். தப்பா நெனைக்காதீங்க. சூலூர்ல ஏறுனதுல இருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டே இருக்குதுங்க. யாருகிட்டயாவது பேசுனா அடங்கும்னு தோணுச்சு.

திருச்சில ஏறி சிங்கப்பூருங்களா. ஏனுங்க, கோயமுத்தூர்லயே ஏர்போர்ட்டு இருக்குதுல்ல? ஓ, திருச்சில டிக்கெட்டு விலை கம்மி. சரிதானுங்க. சிங்கப்பூர் ரொம்ப தூரம். நல்லதாப் போச்சு. நான் பல்லடத்துல எறங்கிருவேன், சித்த நேரந்தான்.

இல்லீங்க, இந்தப் பையி என்ற மடியிலயே இருக்கட்டும். மேல வெக்க வேண்டாம். வெறும் சாப்பாட்டுப் பையிதானுங்க.

நான் ப்ளேன்ல ஏறுனதே இல்லீங்க. ஆனா ப்ளேன் கதவு செய்யற கம்பெனிலதான் பாதி ஆயுசு போயிருக்குது. ஆமாங்க, இங்கதான். சோளக்காட்டுக்கு நடுவுல ஒரு பெரிய செட்டு தெரியும் பாருங்க, அதான். வெளிநாட்டுக்காரன் ப்ளேன் செய்யறான், அதுக்குக் கதவு மட்டும் நம்ம ஊர்ல இருந்து போகுது. பெரிய மரப்பொட்டில வெச்சு, குழந்தையப் பொத்தறாப்புல பொத்தி அனுப்புவாங்க. முந்தியெல்லாம் லாரி வந்து நின்னுட்டே இருக்கும். இப்ப லாரி நிக்கற எடத்துல புல்லு மொளைச்சுருச்சுங்க.

மக்க ஏறுனாத்தான் ப்ளேன் ஓடும். ஓடுனாத்தான் புதுசு வாங்குவாங்க. அவங்க வாங்குனாத்தான் நமக்குக் கதவு. எங்கயோ எந்த நாட்டுலயோ ஜனங்க பொட்டியக் கட்டாம வீட்டுல உக்காந்துட்டாங்கன்னா, இங்க பல்லடத்துக்காரன் அடுப்பு எரியாதுங்க. நீங்க ஒருத்தர் ஏறி பத்தாது. இருந்தாலும் ஏறுறீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம்.

எனக்கு அங்க டூல் ஸ்டோர்ல வேலைங்க. ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னாடி நானு, எனக்குப் பின்னாடி செவுரு பூரா ஆணி. ஒவ்வொரு ஆணிக்குக் கீழயும் ஒரு சாமான். ஸ்பேனரு, டிரில் பிட்டு, டார்ச்சு, எல்லாம். வேலைக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் பித்தளைல நம்பர் போட்ட டோக்கன் அஞ்சாறு இருக்கும். சாமான் வேணும்னா டோக்கனைக் குடுக்கணும், நான் சாமானை எடுத்துக் குடுத்துட்டு அந்த ஆணில டோக்கனை மாட்டிருவேன். சாமான் திரும்பி வந்தா டோக்கன் திரும்பிப் போயிரும். சாயந்தரம் ஒரு ஆணிலகூட டோக்கன் தொங்கக் கூடாது. ஒண்ணும் தொங்கலைன்னா நான் பச்சை லைட்டு போடுவேன். பச்சை லைட்டு எரிஞ்சாத்தான் கம்பெனி பஸ்ஸே கெளம்பும்.

ஒருக்கா வெரல் நீளத்துல ஒரு டிரில் பிட்டு காணாமப் போச்சுங்க. ஒருத்தரும் வீட்டுக்குப் போகலை. தகடு வெச்சு மூடுன கதவு பூராத்தையும் மறுபடி பிரிச்சாங்க. கடைசில பாத்தா ஒருத்தன் பேண்டு மடிப்புக்குள்ள இருக்குது! சிரிக்காதீங்க. அது கதவுக்குள்ள கெடந்து, மேல போறப்ப உருண்டு பூட்டுல போய்ச் சிக்கிச்சுன்னு வெச்சுக்கங்க. உள்ள உக்காந்திருக்கற அத்தனை சனம்? அதனால ஆணி விசயத்துல நான் என்ற அப்பனே வந்தாலும் உடமாட்டேனுங்க. அது எல்லாருக்கும் தெரியும்.

வேலை கொறையக் கொறைய ஆளைக் கொறைக்க ஆரம்பிச்சாங்க. அதுல எனக்கு ஒரு பங்கு வந்து சேந்துச்சுங்க. நான் கேட்டு வாங்குனதில்லை. ஒருத்தனை வீட்டுக்குத் தாட்டி உடணும்னா, அவன் பேர்ல கம்பெனி சாமான் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. அதனால ஹெச்.ஆர்.ல இருந்து மொதல் போன் எனக்குத்தான் வரும். நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு புதுசா வந்திருக்குது, தேன் மாதிரி பேசும். "அண்ணா, இருநூத்திப் பதினெட்டுக்கு ஏதாவது பாக்கி உண்டாண்ணா?"ன்னு கேக்கும். நான் செவுத்தைத் திரும்பிப் பாப்பேன். "ஒண்ணுமில்லீங்கம்மா"ன்னு சொல்லுவேன். அன்னிக்கு மத்தியானமே அவனை மேல கூப்புட்டுருவாங்க. கீழ எறங்கி வர்றப்ப அவன் கழுத்துல அட்டை இருக்காது. அவனோட டோக்கனெல்லாம் எங்கிட்ட வந்துரும். அதுகளை ஒரு பழைய ஊறுகாய் பாட்டில்ல போட்டு வெப்பேன்.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் சோலி போகுதுன்னு அவனுக்குத் தெரியாது, அவன் பொண்டாட்டிக்குத் தெரியாது, அவன் சூப்பர்வைசருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அவன் என் ஜன்னல்ல வந்து நின்னு, "என்னங்கண்ணா, இன்னிக்கு வெயிலு இப்படிக் கொளுத்துது"ம்பான். நான் "ஆமாப்பா"ம்பேன். அன்னிக்கெல்லாம் சோறு எறங்காதுங்க.

ஆனா எல்லாரும் எம்மேல ரொம்பப் பாசமா இருந்தாங்க. அதைச் சொல்லணும். கொய்யாப்பழம் கொண்டாருவாங்க, முறுக்கு கொண்டாருவாங்க. காதுகுத்தா, கெடாவெட்டா, மொதல் பத்திரிகை எனக்குத்தான். முந்தி ஏறெடுத்துப் பாக்காத ஆளுக எல்லாம் வந்து, "அண்ணன் மூஞ்சியைப் பாக்காம வேலைக்குப் போக மனசு வரலை"ன்னு நின்னு பாத்துட்டுப் போவாங்க. நான் பழகற விதம் அப்படிங்க. அப்புறம் என்னாச்சுன்னு தெரியலை, கம்பெனி பஸ்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரறதில்லை. நான் டீ குடிக்கப் போனா பேச்சு நின்னுபோகும். யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு என் சம்சாரம் சூடம் சுத்திப் போட்டா.

போல்ட்டு முடுக்கற ரங்கராசுவாலதான் எல்லாக் கூத்தும் ஆரம்பிச்சுதுங்க. அவன் பேர்ல போன் வந்த அன்னிக்கு, அவன் எடுத்த ஸ்பேனரு அளவு சரியா இருக்குதான்னு சோதிக்க வெளியூர் போயிருந்துச்சு. அப்படிக் கம்பெனியே அனுப்புன சாமானுக்கு மட்டும் டோக்கன் ராத்திரிலயும் தொங்கலாம். "ஒண்ணு பாக்கி இருக்குதுங்கம்மா"ன்னேன். உள்ளதைத்தானே சொல்லணும்? அவ்வளவுதான், அவனை அனுப்ப முடியலை. ஸ்பேனரு வர்ற வரைக்கும், தீபாவளி தாண்டியும், அவன் சம்பளக்காரனாவே இருந்துட்டான். இது எப்படியோ வெளிய கசிஞ்சுருச்சு.

அப்புறம் பாக்கணுமே! டோக்கன் ஆணில தொங்கற வரைக்கும் ஆளுக்கு ஆயுசுன்னு ஆயிருச்சுங்க. தாயத்து மாதிரி. ஒருத்தனும் சாமானைத் திருப்பித் தரமாட்டேங்கறான். "நாளைக்கு வேலை இருக்குதுங்கண்ணா", "பாதில நிக்குதுங்கண்ணா". வேலை எங்கடா இருக்குது? தொடச்ச மேசையையே தொடச்சுட்டு இருக்கானுக. ஒருத்தன் டோக்கன்ல திருநீறு பூசிக் கொண்டாந்து குடுக்கறான். படிச்ச பசங்க, டிப்ளமா முடிச்சவனுக! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு ஆணி உடாம அன்னிக்கே எல்லாச் சாமானையும் வாங்கி வெச்சேன். "மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைடா, சாமானை வெச்சுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க"ன்னேன். மேனேஜர் சாரே எறங்கி வந்து முதுகுல தட்டிக் குடுத்தாருங்க. "உங்களாலதான் எல்லாம் சுத்தமா முடியுது"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை போதாதுங்களா?

பையி குத்துதுங்களா? மன்னிச்சுக்கங்க, இந்தப் பக்கம் நகத்திக்கறேன்.

என்ற தங்கச்சி வஞ்சிக்கொடி. அவ வீட்டுக்காரரு செங்கோட்டுவேலும் எங்க கம்பெனிதான், ரிவிட் அடிக்கறவரு. நான்தான் வேலைல சேத்தி உட்டேன். ஒரு நாள் எல்லாரும் சாப்புடப் போன நேரத்துல ஜன்னல்கிட்ட வந்து நின்னாரு மாப்பிள்ளை. அப்புறம், "மச்சான், ஒரே ஒரு டோக்கன் தொங்கட்டும் மச்சான். ரெண்டு மாசம். வஞ்சிக்குப் பிரசவம் முடியற வரைக்கும்"னாரு.

கலியாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு உண்டாகியிருந்தாளுங்க. ரத்தக்கொதிப்பு வேற. டாக்டரு பெரிய ஆஸ்பத்திரிலதான் பாக்கணும்னுட்டாரு. கம்பெனி குடுத்த இன்சூரன்ஸ் அட்டை இருக்கற வரைக்கும் அங்க பாப்பாங்க. வேலை போனா அட்டை போச்சு.

நான் என்னங்க பண்றது? "மாப்பிள்ளை, சாமான் வெளிய நின்னா அது நம்ம வீட்டு விசயமில்லை, ப்ளேன்ல போற சனத்து விசயம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற"ன்னேன். அவரு கையில இருந்த டிரில்லை ஜன்னல்ல வெச்சாரு. டோக்கனை எடுத்துக் குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டாரு.

மறுநா போன் வந்துருச்சுங்க. "அண்ணா, நூத்தி ஏழு?"ன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. மாப்பிள்ளை நம்பரு. நான் செவுத்தைக்கூடத் திரும்பிப் பாக்கலை. "ஒண்ணுமில்லீங்கம்மா"ன்னு இந்த வாயாலயே சொன்னேன். வேற எவனாவது சொல்லியிருப்பானுங்களா?

வஞ்சி எங்கூடப் பேசறதில்லைங்க. வளைகாப்புக்குக் கூப்புடலை. அண்ணன் இல்லாம ஒரு வளைகாப்பு! என் சம்சாரம் மட்டும் போயிட்டு வந்தா. "என்ன சொன்னா?"ன்னு கேட்டேன். "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்கண்ணி"ன்னாளாம். நான் அவளுக்குத் துரோகமா பண்ணேன்? சட்டப்படி நின்னேன். சொல்லுங்க, நீங்களும் ப்ளேன் ஏறுற ஆளு. நான் பண்ணுனது தப்புங்களா?

பாத்தீங்களா, நீங்களே இல்லைங்கறீங்க.

எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சுங்க. யாரை வேணும்னாலும் அனுப்பட்டும், என்னை அனுப்ப முடியாது. ஏன்னா யாரை அனுப்பணும்னாலும் எங்கிட்டத்தான் கேக்கணும். என்னை அனுப்பறதுக்கு யாருகிட்டக் கேப்பாங்க? என் சம்சாரமும் அதையேதான் சொல்லுவா. "நீங்க இல்லாம அவங்களால ஒருத்தரைக்கூட வெளிய தள்ள முடியாதுங்க"ம்பா. அதைக் கேட்டுட்டுத் தூங்கிருவேன்.

இன்னிக்குக் காலைல போன் வந்துச்சுங்க.

"அண்ணா, நாப்பத்தி மூணுக்கு ஏதாவது பாக்கி உண்டாண்ணா?"

எனக்கு ஒரு நிமிசம் வெளங்கலை. வழக்கம்போல செவுத்தைத் திரும்பிப் பாத்தேன். நாப்பத்தி மூணு எங்கயும் தொங்கலை. எப்படித் தொங்கும்? அந்த ஆளு ஒருநாளும் சாமான் எடுத்ததில்லை. எடுத்துக் குடுக்கறதுதான் அவன் வேலை. அவன் டோக்கனெல்லாம் மேசை டிராயர்ல, வாங்குன அன்னிக்குச் சுத்துன காயிதத்தோட அப்படியே களிம்பு புடிச்சுக் கெடக்குது.

அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுங்க, அது நான்தான்னு. அதுக்கு நம்பர்தான் தெரியும். "அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"ங்குது.

பயம்னா அப்படி ஒரு பயம். எனக்கு ஐம்பது தாண்டிருச்சு. ஆணில இருந்து எடுத்து ஆணில மாட்டறதைத் தவிர வேற தொழில் தெரியாது. எவன் வேலை குடுப்பான்? காலைல எந்திரிச்சு அந்தப் பஸ்ஸுக்கு நிக்காம நான் என்ன பண்ணுவேன்? எந்த மூஞ்சியை வெச்சுட்டு மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல நடப்பேன்? "ஒரு நிமிசம் இரும்மா, பாத்துச் சொல்றேன்"னு போனைக் கீழ வெச்சேன். டிராயரைத் தொறந்தேன். காயிதத்தைப் பிரிச்சேன். கைக்கு எட்டுன ஆணில என்ற டோக்கனை மாட்டுனேன். கீழ இருந்த சாமானை எடுத்துக்கிட்டேன்.

"ஒண்ணு வெளிய இருக்குதுங்கம்மா"ன்னேன்.

"அப்படியாண்ணா? எப்ப வரும்?"

"வேலை நடந்துட்டு இருக்குது."

"சரிங்கண்ணா, வந்ததும் ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க"ன்னு வெச்சிருச்சு. நல்ல பொண்ணுங்க. எங்கிட்ட அவ்வளவு நம்பிக்கை.

இதா, இந்தப் பையிலதான் இருக்குது. கேட்டுல செக்யூரிட்டி எல்லார் பையையும் கிண்டுவான், என் பையைத் தொடமாட்டான். இருங்க காட்டறேன். யாராவது பாக்கறாங்களா? துணியோடவே புடிங்க. குட்டிக் கண்ணாடிங்க. பல் டாக்டரு வாய்க்குள்ள உட்டுப் பாப்பாரில்ல, அந்த மாதிரி நீளக் கைப்புடி. கதவுக்குள்ளார கண்ணு போகாத எடத்துல ரிவிட் சரியா உக்காந்திருக்குதான்னு பாக்கறதுக்கு. மாப்பிள்ளை தெனமும் இதைத்தான் எடுப்பாரு.

இல்லீங்க, திருடலை! இது திருட்டில்லைங்க. ரசம் போன கண்ணாடி, இதை வித்தா டீ குடிக்கக்கூடத் தேறாது. என் டோக்கன் அங்க தொங்குது, சாமான் வெளிய இருக்குது. முறைப்படிதான் எடுத்திருக்கேன். திரும்பி வராத வரைக்கும் நான் வேலைல இருக்கேன். அவ்வளவுதான்.

சாயந்தரம் பச்சை லைட்டுங்களா? போட்டேன். போடாம? போடலைன்னா எல்லாரும் உள்ளயே நிக்கணும், பாவமில்லீங்களா. ஆனா கம்பெனி பஸ்ல ஏற முடியலை. எல்லாரும் என் மூஞ்சியையே பாப்பாங்களே. நடந்தே சூலூர் வந்து இதுல ஏறுனேன்.

நாளைக்குக் காலைல சூப்பர்வைசர் வந்து ஆணியைப் பாப்பாரு. கண்ணாடி எங்கன்னு கேப்பாரு. கதவுக்குள்ள விழுந்திருக்கும்னு நெனைப்பாங்க. பொட்டில போட்டு ரெடியா நிக்கற கதவு பூராத்தையும் பிரிப்பாங்க. பிரிக்கட்டுமே! மிச்சமிருக்கற பசங்க சும்மாதான் உக்காந்திருக்கானுக. பிரிக்க ஒரு வாரம், தேட ஒரு வாரம், மூட ஒரு வாரம். அத்தனை பேருக்கும் வேலைங்க. ஒரு விதத்துல பாத்தா, ஆர்டர் இல்லாத காலத்துல நான் ஒரு ஆர்டர் கொண்டாந்த மாதிரி. வெளிநாட்டுக்காரன் கோவிச்சுட்டு இந்தக் கதவும் வேண்டாம்னுட்டான்னா... சொல்லமாட்டான். சொல்லமாட்டானுங்க. அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க.

இருங்க, போன் அடிக்குது. அந்தப் பொண்ணுதான். மத்தியானத்துல இருந்து இது நாலாவது தடவை. எடுக்க மாட்டேன். எடுத்தா பொய் சொல்லணும், எனக்குப் பொய் வராதுங்க. அடிச்சு ஓயட்டும்.

நிறுத்திருச்சு.

அய்யா, ஒரு உதவி கேக்கறேன், இல்லைன்னு சொல்லீராதீங்க. இதை நீங்க கொண்டு போயிருங்க. வீட்டுல வெச்சா என் சம்சாரம் பாத்துருவா. கெணத்துல போட்டா எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா எவனாவது அதட்டிக் கேட்டா சொல்லிப்புடுவேன், என் வாயி அப்படி. நீங்க சிங்கப்பூர் கொண்டு போயி எங்க வேணும்னாலும் போட்டுருங்க. எங்க போட்டீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அது கடல் தாண்டிருச்சுன்னா எவனாலயும் என்னை அனுப்ப முடியாது. பெரிய பொட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வெச்சா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

ஏனுங்க கையை இழுத்துக்கறீங்க?

என்ன கேட்டீங்க? நீங்க ஏறுற ப்ளேனுங்களா?

அய்யய்யோ, அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. அதுக்குள்ள ஒரு சாமானும் கெடக்காது. அதைச் செஞ்ச எடத்துலயும் இதே மாதிரி ஆணி இருக்கும், டோக்கன் இருக்கும். கடைசி டோக்கனை எடுக்கற வரைக்கும் ஒரு கதவு வெளிய போகாது. ஒருத்தன் நின்னு செவுத்தைப் பாத்து, எல்லாம் சரியா இருக்குதுன்னு பச்சை லைட்டு போட்டாத்தான் அனுப்புவாங்க. அவன் பொய் சொல்லமாட்டானுங்க. ஏன் சொல்லப் போறான்? என்னாட்டம் ஒருத்தன்தானுங்க அங்கயும் நின்னிருப்பான்.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? பொட்டிய எங்க எடுக்கறீங்க? கண்டக்டரே, சாருக்குத் திருச்சிங்க, எறங்கப் பாக்கறாரு!

அய்யா, உக்காருங்க. இது பல்லடமுங்க. எறங்க வேண்டியது நானுங்க.